விண்டோஸ் மட்டும் கெட்டுவிட்டது: உபுண்டுவைத் தொடாமல் அதை மட்டும் மறுபடி நிறுவ முடியுமா?

பெகு சயாமா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவிலுள்ள பெகுவிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் என்னைச் ‘சயாமா’, அதாவது பர்மியத்தில் ஆசிரியை, என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பெயரிலேயே இங்கும் சேர்ந்திருக்கிறேன்.

என் மடிக்கணினியில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 என்ற இரண்டு இயங்குதளங்களும் இருக்கின்றன. 2016-இல் வாங்கியபோதே விண்டோஸ் இருந்தது. ஆறாம் தலைமுறை ஐ3, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். என் தம்பி மலேசியாவுக்கு வேலைக்குப் போகும் முன்பு டிஸ்க்கைப் பாதியாகப் பிரித்து உபுண்டுவையும் போட்டுத் தந்தான். இணையம், கடிதங்கள், பிள்ளைகள் பாடிய பாடல்களின் பதிவுகள் எல்லாம் உபுண்டுவில். விண்டோஸை ஒரே ஒரு வேலைக்காகத்தான் வைத்திருக்கிறேன். அது என் பாடப்புத்தகம்.

1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனதிலிருந்து இங்கே தமிழ்ப் படிப்பு கோயில் மண்டபங்களில்தான் உயிர்வாழ்கிறது. தமிழ்நாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கும் புத்தகங்களில் பொருள் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் பர்மியம் பேசுகிறவர்கள். ஆங்கிலப் பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் 2017-இல் நானே ஒன்றைத் தொடங்கினேன். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் பர்மியப் பொருள். ‘நீர்’ என்றால் எதிரே ‘யே’. இப்போது 74 பக்கம் ஆகிவிட்டது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் செயலியில் அடித்தது. தமிழுக்குப் பாமினி எழுத்துரு, பர்மியத்துக்கு வின் இன்வா. இரண்டும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை அல்ல என்பது தெரியும். எனக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகின்றன. மின்சாரம் இருந்தால்தான் ஓடும். எங்கள் தெருவில் நான்கு மணி நேரம் மின்சாரம் வந்தால் நான்கு மணி நேரம் இருக்காது. போன வியாழக்கிழமை வெகுநாள் கழித்து விண்டோஸைத் திறந்தேன். சேர்ந்து கிடந்த அப்டேட்டுகளை அது தானாக இறக்கி நிறுவத் தொடங்கியது. பாதியில் மின்சாரம் போய்விட்டது. அன்றிலிருந்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், தானியங்கிப் பழுதுபார்ப்பு என்று ஒரு வரி வருகிறது, சுற்றுகிறது, மறுபடி தொடக்கத்துக்கே போய்விடுகிறது. உபுண்டு எந்தக் குறையும் இல்லாமல் திறக்கிறது. இதை எழுதுவதும் அதிலிருந்துதான்.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை” என்றார். கணினியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும். உபுண்டுவின் ஒரு கோப்புகூடப் போகக் கூடாது. விண்டோஸ் பக்கம் இருக்கும் புத்தகமும் போகக் கூடாது. இது நடக்கக்கூடியதுதானா? விண்டோஸ் வட்டு எதுவும் என்னிடம் இல்லை. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் தேய்ந்துவிட்டது.


ரங்கூன் மாணவன் எழுதியது:

அக்கா, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் ஆறாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது ஏற்கிறது. இந்த நேரத்தில் பழையதை மறுபடி போடுவதைவிட, டிஸ்க் முழுவதையும் உபுண்டுவுக்கே கொடுத்துவிடலாம். புத்தகத்தை லிப்ரே ஆபீஸில் புதிதாக அடிக்கலாம்.


பெகு சயாமா எழுதியது:

தம்பி, உன் அக்கறைக்கு நன்றி. ஆனால் 74 பக்கத்தைப் புதிதாக அடிக்க எனக்கு இன்னும் பல வருடம் வேண்டும். பாதிப் பக்கங்களில் பிள்ளைகளின் பாட்டிகள் சொல்லிக் குறித்துக்கொண்ட சொற்கள் இருக்கின்றன. அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. விண்டோஸ் எனக்கு வேண்டும்.


தட்டோன் கணினிக்காரர் எழுதியது:

வணக்கம், சயாமா. கணினியை மூடி எடுத்துக்கொண்டு வந்தீர்களே, அதுதான் நீங்கள் செய்ததிலேயே சரியான காரியம். நடக்கக்கூடியதுதான். நான் இதைப் பல மடிக்கணினிகளில் செய்திருக்கிறேன். மெதுவாகச் செய்ய வேண்டும், அவ்வளவே.

முதலில் புத்தகத்தை வெளியே எடுங்கள். விண்டோஸ் திறக்கவில்லை என்றால் அதன் கோப்புகள் போய்விட்டன என்று பொருள் இல்லை. உபுண்டுவின் கோப்பு மேலாளரில் இடப்பக்கம் ‘மற்ற இடங்கள்’ என்பதைத் திறந்தால் விண்டோஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் விண்டோஸுக்குப் பிரித்த பகுதி) தெரியும். சொடுக்கினால் திறக்கும். விண்டோஸ் பாதியில் நின்றதால், அதில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும் என்று சொல்லக்கூடும். நமக்குப் படித்தால் போதும். ‘யூசர்ஸ்’ அடைவுக்குள் உங்கள் பெயரில் இருப்பதை அப்படியே ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுத்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். உபுண்டுவின் ‘ஹோம்’ அடைவையும் அதே டிஸ்க்கில் வையுங்கள். நாம் அதைத் தொடப்போவதில்லை, ஆனாலும் வையுங்கள்.

அடுத்து, உங்கள் கணினி எந்த முறையில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதே கோப்பு மேலாளரில் கணினியின் மூல அடைவுக்குப் போய் ‘சிஸ்’, அதற்குள் ‘ஃபர்ம்வேர்’ என்று திறங்கள். அங்கே ‘ஈஎஃப்ஐ’ என்ற அடைவு இருந்தால் புதிய முறை. 2016 மடிக்கணினியில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்துவிட்டது. ஏனென்றால் அந்த முறையில், தொடங்குவதற்கான கோப்புகள் ‘ஈஎஃப்ஐ’ என்ற சிறிய பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸுக்கு ஓர் அடைவு, உபுண்டுவுக்கு ஓர் அடைவு. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது தன் அடைவை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். பழைய பயாஸ் முறையில் அப்படி இல்லை. டிஸ்க்கின் முதல் துண்டில் இருக்கும் கிரப்பை, அதாவது எதைத் திறப்பது என்று கேட்கும் உபுண்டுவின் தொடக்க நிரலை, விண்டோஸ் மேலெழுதிவிடும்.

பென்டிரைவ்: குறைந்தது எட்டு ஜிபி. உபுண்டுவிலிருந்து மைக்ரோசாஃப்ட் தளத்தின் விண்டோஸ் 10 பக்கத்தைத் திறந்தால் ஐஎஸ்ஓ கோப்பையே (நிறுவல் வட்டின் முழு நகல்) நேரடியாகத் தரும். அந்தக் கோப்பை வெறுமனே பென்டிரைவில் பிரித்துப் போட்டால் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பு நான்கு ஜிபிக்கு மேல், பென்டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 அமைப்பு அதை ஏற்காது. வென்டாய் என்ற கருவியைப் பென்டிரைவில் நிறுவி, அதன்மேல் ஐஎஸ்ஓவை நகலெடுத்தால் போதும். வென்டாய் நிறுவும்போது பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். அதில் உங்கள் நகல் எதுவும் இருக்கக் கூடாது.

சாவி எண் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் கணினியில் விண்டோஸ் 10 ஏற்கெனவே செயல்படுத்தப்பட்டிருந்ததால் உரிமம் மதர்போர்டோடு பதிந்திருக்கும். கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு இருந்த அதே பதிப்பைப் போட்டால், இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே செயல்படும்.

இன்னொன்று. மடிக்கணினியோடு வரும் நிறுவனத்தின் மீட்புப் பொத்தானை அழுத்தாதீர்கள். அவற்றில் பல, டிஸ்க் முழுவதையும் வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோய்விடும். உபுண்டு போய்விடும்.


பெகு சயாமா எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ‘ஈஎஃப்ஐ’ அடைவு இருக்கிறது. ஆனால் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இடமிருந்து வலமாக: 105 எம்பி, 17 எம்பி, பிறகு விண்டோஸ் 250 ஜிபி, பிறகு ஒரு 523 எம்பி, கடைசியில் உபுண்டு 249 ஜிபி. தம்பி பாதியாகப் பிரித்தது இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுவும் திரையில் இரண்டில் எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேலும் ஐஎஸ்ஓ கோப்பு ஆறு ஜிபியை நெருங்குகிறது. இறக்கத் தொடங்கினேன், மின்சாரம் போனது, அடுத்த நாள் தொடர முயன்றபோது இணைப்பு காலாவதியாகிவிட்டது என்கிறது.


தட்டோன் கணினிக்காரர் எழுதியது:

நல்ல வேளை, இப்போதே பார்த்தீர்கள். நிறுவும் திரையில் இந்த எண்கள் வராது. உபுண்டு ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அதனால் உங்கள் 250 அங்கே 232.8 என்றும், 249 அங்கே 231.9 என்றும் தெரியும். இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை மாறாது: இங்கே இடமிருந்து வலமாக இருப்பது அங்கே மேலிருந்து கீழாக இருக்கும். மூன்றாவது வரி விண்டோஸ். கடைசி வரி உபுண்டு.

எண்ணை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். அந்தத் திரையில் ‘டெலீட்’, ‘ஃபார்மட்’ என்ற இரண்டு பொத்தான்களையும் தொடாதீர்கள். மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ மட்டும் அழுத்துங்கள். பழைய விண்டோஸ் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற அடைவுக்குப் போகும் என்று ஒரு செய்தி வரும்; சரி என்று சொல்லுங்கள். இதில் இரண்டு நன்மை. நகலெடுக்க மறந்த கோப்பு ஏதாவது இருந்தால் அந்த அடைவில் கிடைக்கும். அதைவிடப் பெரியது: தப்பித்தவறி உபுண்டுவின் வரியைத் தேர்ந்தெடுத்தாலும், அது விண்டோஸுக்கான பார்ட்டிஷன் இல்லை என்பதால் அங்கே நிறுவ முடியாது என்று விண்டோஸே மறுத்துவிடும். அழிக்கும் பொத்தான்தான் யார் வீடு என்று பார்க்காமல் இடிக்கும்.

கடையில் செய்கிறவர்கள் எல்லா வரிகளையும் அழித்து ஒரே வெற்றிடமாக்கிவிடுவது எதனால் என்றால், அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் இறக்க இணைப்பு 24 மணி நேரம்தான் செல்லும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது போதாது. யாரிடமாவது இறக்கிய கோப்பு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் அதே பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஷா-256 எண் கொடுத்திருப்பார்கள். கட்டளை அடிக்கும் டெர்மினலில் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.


ரங்கூன் மாணவன் எழுதியது:

அக்கா, என்னிடம் அதே ஐஎஸ்ஓ இருக்கிறது. ஆங்கிலம், 64 பிட். சனிக்கிழமை பெகுவுக்கு அத்தை வீட்டுக்கு வருகிறேன். கோயிலிலேயே கொண்டுவந்து தருகிறேன். முதலில் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டிகள் சொன்ன சொற்கள் என்று எனக்குத் தெரியாது.


ஈய எழுத்து எழுதியது:

அம்மா, நான் ரங்கூனில் அச்சுத்தொழில் செய்கிறவன். மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உங்கள் பெயரில் உள்ள அடைவிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுவீர்கள். எழுத்துருக்களை எடுத்தீர்களா? பாமினியிலும் வின் இன்வாவிலும் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பை. இரண்டிலும் அடித்தவற்றில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகமோ பர்மிய முகமோ கொடுக்கிறது.     நீங்கள் பயன்படுத்திய அதே எழுத்துருக் கோப்பு வேண்டும்.

சி டிரைவில் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘ஃபான்ட்ஸ்’ அடைவைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பதறாதீர்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து சாதாரணமாக நிறுவிய எழுத்துரு, பயனரின் அடைவுக்குள் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்துக்குப் போய்விடும். விண்டோஸில் இது மறைந்திருக்கும். உபுண்டுவில் கண்ணுக்குத் தெரியும்.

பேஜ்மேக்கர் 7 எங்களிடம் இன்னும் ஓடுகிறது. 2001-இல் வந்த கடைசிப் பதிப்பு. பழைய வாடிக்கையாளர்களுக்காக ஒரு கணினியை அதற்கென்றே வைத்திருக்கிறேன். கோப்பையும் எழுத்துருவையும் கொண்டுவந்தால் அன்றே பிடிஎஃப் எடுத்துத் தருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம். என் தகப்பனார் இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நான் மண்டபத்தில் படித்தவன்.

2019 அக்டோபர் 1 முதல் இந்த நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கிவிட்டது. இன்று பிள்ளைகள் கையில் இருக்கும் தொலைபேசியில் யூனிகோட்தான். ஆகவே, விண்டோஸ் சரியானதும் சொற்களை ஒருமுறை மாற்றிவிடுங்கள். பாமினிக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போதும். பர்மியத்துக்கு மாற்றிகள் பல இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு வரி வரியாகக் கண்ணால் படித்தே ஆக வேண்டும்.


பெகு சயாமா எழுதியது:

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அச்சக ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அன்றிரவே எழுத்துருக்களைத் தேடினேன். பாமினி ‘விண்டோஸ்’ அடைவில் இருந்தது. வின் இன்வா அங்கே இல்லை. கை நடுங்கியது. பிறகு ‘ஆப்டேட்டா’ வழியாகப் போனபோது, ஐயா சொன்ன அதே இடத்தில் கிடைத்தது. அந்த ஒரு பதில் வராமல் இருந்திருந்தால் வெறும் புத்தகக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஐஎஸ்ஓவை ரங்கூன் தம்பி கொண்டுவந்து தந்தான். ஷா-256 எண்ணை இருவரும் சேர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க, 64 எழுத்துகளையும் ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

நிறுவுவதை என் வீட்டில் செய்யவில்லை. ஞாயிறு வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்தேன். அர்ச்சகர் ஜெனரேட்டரை நிறுத்தாமல் விட்டுவைத்தார். முதலில் பென்டிரைவிலிருந்து தொடங்கி, அப்டேட்டை நீக்கும் வழியையும் தொடக்கப் பழுதுபார்ப்பையும் முயன்றேன். இரண்டும் முடியவில்லை என்றே பதில் வந்தது. அதன் பிறகுதான் நிறுவத் தொடங்கினேன். திரையில் 232.8, 231.9 என்று காகிதத்தில் எழுதியிருந்த அதே எண்கள் வந்தன. வேண்டுமென்றே ஒரு முறை கடைசி வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். இங்கே நிறுவ முடியாது என்று கீழே எச்சரிக்கை வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது வரி, ‘நெக்ஸ்ட்’, அவ்வளவுதான்.

முடிந்ததும் கணினி நேராக விண்டோஸுக்குப் போனது; இரண்டு பெயர்கள் வரும் கறுப்புத் திரை வரவில்லை. உபுண்டு போய்விட்டதோ என்று ஒரு கணம் அரண்டேன். தட்டோன் அண்ணாவுக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பினேன். தொடங்கும்போது எஃப்12 அழுத்தச் சொன்னார். பட்டியலில் உபுண்டு இருந்தது. விண்டோஸ் தன்னை வரிசையில் முதலாவதாக வைத்துக்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை. பயாஸ் அமைப்பில் உபுண்டுவை மேலே ஏற்றியதும் பழைய கறுப்புத் திரை திரும்பி வந்தது. அதில் இருந்த பழைய விண்டோஸ் வரியே புதிய விண்டோஸையும் திறக்கிறது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மாறாததால் கிரப்பில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை என்று அண்ணா சொன்னார்.

ஒரே ஒரு குறை இருந்தது. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஆறரை மணி நேரம் பின்னால் போய்விடும். காலை பத்து மணிக்கு விடியற்காலை மூன்றரை என்று காட்டியது. நேர மண்டலத்தில் ரங்கூனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். உபுண்டு உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே ஊர் நேரம் என்று எண்ணிக்கொள்கிறது. நம் நேரம் அதைவிட ஆறரை மணி முன்னால் என்பதால் இந்த வித்தியாசம் என்று அண்ணா விளக்கினார். உபுண்டுவின் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’, இடைவெளி, ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’, இடைவெளி, 1 என்று கொடுக்கச் சொன்னார். உபுண்டுவுக்கு இது பிடிக்காது, எச்சரிக்கும். ஆனால் நம் நாட்டில் கோடைக்காலத்துக்காக நேரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் பாதகமில்லை என்றார். இப்போது இரண்டிலும் ஒரே நேரம்.

விண்டோஸை இணையத்தோடு ஒரே ஒரு முறை இணைத்தேன், உரிமம் செயல்படுவதற்காக. இனி இணைக்கப்போவதில்லை. புத்தக வேலைக்கு அது, மற்றதற்கு உபுண்டு.

அச்சக ஐயா, வரும் சனிக்கிழமை காலை ரயிலில் ரங்கூன் வருகிறேன். புத்தகக் கோப்பும் இரண்டு எழுத்துருக்களும் பென்டிரைவில் இருக்கின்றன. 41-ஆம் பக்கத்தில் ‘ழ’ வரும் சொற்களுக்குப் பர்மிய எழுத்தில் உச்சரிப்பு கொடுத்திருக்கிறேன். அந்த ஒலி அவர்கள் மொழியில் இல்லை. அச்சுக்கு முன் அதை மட்டும் நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.